சிறிய விடுதிகளின் குப்பை யார் பொறுப்பு?

ஜூன் மாதம் வந்தால் நம் வீடுகளில் பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடுகிறது. மேல்மலையனூர், அவலூர்பேட்டை, வளத்தி, செஞ்சி என்று இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து மேல்படிப்புக்குப் போகும் பிள்ளைகளில் பலர் திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை, சென்னை ஆகிய ஊர்களின் விடுதிகளில்தான் தங்குகிறார்கள். சிலருக்கு அரசு விடுதி, சிலருக்குக் கல்லூரி விடுதி, சிலருக்கு மதரஸா விடுதி. சேர்க்கும் முன் பெற்றோர் எல்லாவற்றையும் விசாரிக்கிறோம். சாப்பாடு எப்படி, தண்ணீர் எப்படி, பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு உண்டா, தொழுகைக்கு இடம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்கிறோம். அந்த விடுதியின் குப்பை எங்கே போகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்த ஆண்டு அதைக் கேட்க ஒரு காரணம் வந்திருக்கிறது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கடந்த ஜனவரியில் அறிவித்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2026, ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. 2016ஆம் ஆண்டு விதிகளின் இடத்தை இவை பிடித்துள்ளன. பெரிய கல்வி வளாகங்கள் இனி தப்பிக்க வழியில்லை என்று பலரும் வரவேற்றிருக்கிறார்கள். அது சரிதான். ஆனால் நம் பிள்ளைகள் தங்கும் விடுதிகளில் பெரும்பாலானவை பெரிய வளாகங்கள் இல்லை. ஐம்பது பேர், எண்பது பேர், நூறு பேர் தங்கும் சிறிய விடுதிகள். அவற்றின் நிலை என்ன என்பதுதான் இங்கே எழும் கேள்வி.

விதிகள் சொல்வது என்ன?

புதிய விதிகளின்படி குப்பையை உருவாக்கும் ஒவ்வொருவரும், வீடானாலும் விடுதியானாலும், அதை நான்காகப் பிரித்துத் தர வேண்டும். சமையல் கழிவு, உணவு மிச்சம் போன்ற ஈரக் குப்பை ஒன்று. காகிதம், பிளாஸ்டிக், உலோகம், கண்ணாடி போன்ற உலர் குப்பை இரண்டாவது. நாப்கின், டயப்பர் போன்ற சுகாதாரக் கழிவு மூன்றாவது. பெயின்ட் டப்பா, பல்பு, காலாவதியான மருந்து, பாதரசத் தெர்மாமீட்டர் போன்ற தனிக் கவனம் தேவைப்படும் கழிவு நான்காவது.

இதற்கு மேல் "பெருமளவு குப்பை உருவாக்குவோர்" என்று ஒரு பிரிவை வைத்து, அவர்களுக்குக் கூடுதல் பொறுப்பைச் சுமத்துகிறார்கள். 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேல் கட்டடப் பரப்பு, நாளொன்றுக்கு 40,000 லிட்டர் அல்லது அதற்கு மேல் தண்ணீர்ச் செலவு, நாளொன்றுக்கு 100 கிலோ அல்லது அதற்கு மேல் குப்பை. இந்த மூன்றில் ஒன்று பொருந்தினாலும் அந்த நிறுவனம் இந்தப் பிரிவில் வந்துவிடும். முடிந்தவரை ஈரக் குப்பையைத் தன் வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்றுவது அதன் கடமையாகிறது. 2016 விதிகளிலும் எல்லைக்கோடு இதே 100 கிலோதான்.

எல்லைக்கோட்டுக்குக் கீழே நிற்பவர்கள்

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழக அரசின் நலத்துறைகள் நடத்தும் மாணவர் விடுதிகளுக்கு "சமூகநீதி விடுதிகள்" என்று பெயர் மாற்றுவதாக அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2025 ஜூலையில் அறிவித்தபோது வெளியான எண்ணிக்கை 2,739 விடுதிகள், அவற்றில் 1,79,568 மாணவ மாணவியர். வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஒரு விடுதிக்கு 65 பேர்.

சிறு நகரங்களில் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 200 முதல் 300 கிராம் குப்பை என்று திட்டமிடுபவர்கள் வழக்கமாகக் கணக்கு வைப்பார்கள். மேல் அளவையே எடுத்துக்கொண்டாலும் 65 பேர் தங்கும் விடுதியில் நாளொன்றுக்குச் சேர்வது 20 கிலோவுக்கும் குறைவு. 100 கிலோவைத் தொட வேண்டுமென்றால் 330 பேருக்கு மேல் இருக்க வேண்டும். தண்ணீர்க் கணக்கும் அப்படித்தான். ஒருவருக்கு நாளுக்கு 135 லிட்டர் என்று வைத்தால் 40,000 லிட்டரை எட்ட ஏறக்குறைய 300 பேர் தேவை. சராசரி விடுதி எந்த வழியிலும் அந்தப் பிரிவுக்குள் வராது. தனியார் நடத்தும் சிறு விடுதிகளுக்கும், ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் மதரஸா விடுதிகளில் பலவற்றுக்கும் இதே கதைதான்.

20 கிலோ என்பது சிறியதாகத் தெரியும். ஒரு கல்வியாண்டில் முந்நூறு நாள் என்று வைத்தால் அது ஏறக்குறைய 6 டன். அரசு விடுதிகள் அனைத்தையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 36 முதல் 54 டன் வரை வரும். இது துல்லியமான அளவீடு இல்லை, அளவு எவ்வளவு பெரியது என்று காட்டும் ஒரு தோராயக் கணக்கு. தனித்தனியாகப் பார்த்தால் யாரும் பெரிய குற்றவாளி இல்லை. சேர்த்துப் பார்த்தால் இது ஒரு நடுத்தர நகரத்தின் குப்பை.

பிரித்துத் தர வேண்டிய கடமை சிறிய விடுதிக்கும் உண்டு. ஆனால் அதற்கு மேல் கணக்கு காட்டவோ, வளாகத்திலேயே உரமாக்கவோ அதைக் கட்டாயப்படுத்தும் கண்காணிப்பு இல்லை. பெரிய கல்லூரியிடம் கேள்வி கேட்க அதிகாரி வருவார். சிறிய விடுதியிடம் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.

சுமை யார் தலையில்?

சென்னையின் கல்லூரி விடுதிக் குப்பையை மாநகராட்சி லாரி எடுத்துப் போகும். சிறிய ஊர்களில் அந்த வேலை பேரூராட்சிக்கும் கிராம ஊராட்சிக்கும் வருகிறது. ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்கள் என்ற பெயரில் மிகக் குறைந்த ஊதியத்தில் வேலை செய்யும் சிலர், பெரும்பாலும் பெண்கள், தள்ளுவண்டியிலோ மின்கலன் வண்டியிலோ வீடு வீடாகப் போய்க் குப்பை சேர்க்கிறார்கள்.

குப்பையின் சுமை ஒரு சிறிய ஊருக்கு எப்படிப்பட்டது என்பது மேல்மலையனூர் மக்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்காளபரமேசுவரி கோயிலுக்கு அமாவாசைதோறும் பல மாவட்டங்களிலிருந்தும் திரளான மக்கள் வருகிறார்கள். ஓர் இரவில் ஊரின் மக்கள்தொகை பல மடங்காகிவிடுகிறது. மறுநாள் காலை துடைப்பத்தோடு நிற்பவர்கள் அதே சில பணியாளர்கள்தான். அது மாதத்தில் ஒரு நாள் வரும் கூட்டம். விடுதி என்பது பத்து மாதம் கலையாமல் இருக்கும் கூட்டம்.

சோறும், பிளாஸ்டிக் உறையும், நாப்கினும், உடைந்த பல்பும் ஒரே சாக்கில் கட்டி வாசலில் வைக்கப்படும்போது என்ன நடக்கிறது? எங்கோ ஓர் இடத்தில் ஒருவர் அதைக் கையால் கிளறிப் பிரிக்க வேண்டும். இல்லையென்றால் அது பிரிக்கப்படாமலேயே கிடங்குக்குப் போகும். ஈரக் குப்பை குவிந்து அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. கோடையில் அது பற்றிக்கொள்கிறது. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கும், 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர்க் கிடங்கும் நாள்கணக்கில் எரிந்ததற்குப் பின்னால் இருந்தது இத்தகைய கலந்த குப்பைதான். இவை இரண்டும் வேண்டாம் என்று நினைக்கும் விடுதிகள் மூன்றாவதாக ஒன்றைச் செய்கின்றன. கொல்லைப்புறத்தில் போட்டுக் கொளுத்துகின்றன. பிளாஸ்டிக்கை எரிக்கும் புகையில் டையாக்சின் போன்ற நச்சுகள் கலந்திருக்கின்றன. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் பின்கட்டில் தூங்கும் பிள்ளைகள். குப்பையை எரிப்பதை விதிகள் எப்போதோ தடை செய்துவிட்டன.

முதல் இடம் சமையலறை

விடுதிக் குப்பையில் பாதிக்கும் மேல் ஈரக் குப்பை. அதில் காய்கறித் தோலைத் தவிர்க்க முடியாது. தட்டில் மிஞ்சும் சோற்றையும், அண்டாவில் மிஞ்சும் சாம்பாரையும் தவிர்க்க முடியும்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கைப்படி 2022இல் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. நுகர்வோருக்குக் கிடைக்கும் உணவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இது. அதில் 29 கோடி டன் உணவகங்கள், கேன்டீன்கள், விடுதிகள் போன்ற இடங்களில் வீணானது. அதே ஆண்டில் உலகில் 78 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள்.

நம் விடுதிக் கணக்குக்கு வருவோம். அரசு விடுதிகளில் பள்ளி மாணவருக்கான மாத உணவுப் படி 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாகவும், கல்லூரி மாணவருக்கு 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. நாள் கணக்கில் பார்த்தால் பள்ளி மாணவருக்கு சுமார் 46 ரூபாய். மூன்று வேளைக்கும் சேர்த்துத்தான் அந்த 46 ரூபாய். 65 பேர் விடுதியில் நாளைக்கு ஏறத்தாழ 3,000 ரூபாய். பேச்சுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு தொட்டியில் விழுகிறது என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 300 ரூபாய், கல்வியாண்டுக்கு 90,000 ரூபாய். விடுதியில் முட்டை போதவில்லை, பழம் தருவதில்லை என்று புகார் சொல்கிறோம். அந்த முட்டையும் பழமும் போகும் இடங்களில் இந்தத் தொட்டியும் ஒன்று.

ஏன் மிஞ்சுகிறது? பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். உண்மையான காரணம் பெரும்பாலும் எண்ணிக்கைதான். வெள்ளிக்கிழமை மாலை பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள், பதிவேட்டில் உள்ள அத்தனை பேருக்கும் உலை வைத்திருப்பார்கள். தேர்வுக் காலத்தில் பலர் காலை உணவைத் தவிர்ப்பார்கள், இட்லி மட்டும் வழக்கம்போல் வெந்துகொண்டிருக்கும். பரிமாறுகிறவர் வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஒரே தடவையில் கரண்டி நிறையப் போட்டுவிடுவார்.

இவற்றுக்கு மருந்து செலவில்லாதது. முந்தைய இரவே நாளை யார் யார் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு தாளில் குறித்து சமையல்காரரிடம் கொடுப்பது ஒன்று. முதலில் குறைவாகப் போட்டு, கேட்டால் மறுபடி போடுவது இரண்டாவது. மறுபடி கேட்கும் பிள்ளையை முகம் சுளித்துப் பார்க்காமல் இருப்பதும் இதில் சேர்த்தி. இல்லையென்றால் கூச்சத்தில் முதல் தடவையே அதிகம் வாங்கிக்கொள்வார்கள். மூன்றாவதாக, ஒவ்வொரு வேளையும் தொட்டியில் விழுந்ததை எடை போட்டு வாசல் கரும்பலகையில் எழுதுவது. எந்த நாளில், எந்தக் குழம்பு மிஞ்சுகிறது என்று ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். பிள்ளைகளைத் திட்டுவதற்காக எழுதும் பலகை இல்லை அது. சமையல் பட்டியலைத் திருத்த உதவும் பலகை.

காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் வழக்கம் நமக்குத் தெரியும். ஒருவருக்கு அதிகமானதை அடுத்தவர் எடுத்துக்கொள்வார். வீண்விரயம் கூடாது என்பதை நாம் சொல்லிக் கேட்டு மட்டும் வளரவில்லை, சாப்பிடும் முறையிலேயே பழகி வளர்ந்தோம். நோன்புக் கஞ்சி வாங்க வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டு போனதும் அதே பழக்கத்தின் இன்னொரு பக்கம்.

மிஞ்சியது எங்கே போக வேண்டும்?

எவ்வளவு குறைத்தாலும் கொஞ்சம் மிஞ்சும். இதில் நமக்கு அருகிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. திட திரவ வள மேலாண்மை என்ற முறையை நாடு முழுவதும் கொண்டு சென்ற சி. சீனிவாசன் வேலூர்க்காரர். அவர் முறையின் அடிப்படை மிக எளிது. புதிதாக இருக்கும்வரை அது வளம், நாள்பட்டால்தான் குப்பை. அதனால் தினமும் தாமதமில்லாமல் சேகரிக்க வேண்டும். மாடு தின்னக்கூடியதை முதலில் மாட்டுக்குக் கொடுக்க வேண்டும். மீதியை உரமாக்க வேண்டும். அந்தக் காலத்து வீடுகளில் கழுநீர்த் தொட்டி செய்த வேலைதான் இது.

செஞ்சி, மேல்மலையனூர் பகுதியில் மாடு இல்லாத தெரு குறைவு. காய்கறித் தோல், கீரைத் தண்டு, கழுநீர் ஆகியவற்றைப் பக்கத்து மாட்டுக்காரர் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார். சோற்றில் மட்டும் கவனம் வேண்டும். அளவுக்கு மீறிச் சோறு தின்ற மாட்டுக்கு வயிறு உப்பி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று கால்நடை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். இறைச்சியும் எலும்பும் அந்தத் தொட்டியில் கலக்கவே கூடாது.

மீதிக்கு இரண்டு தொட்டி போதும். ஒரு பங்கு ஈரக் குப்பைக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை, சருகு, நடுவில் கொஞ்சம் சாணக் கரைசல் அல்லது புளித்த மோர். வாரம் ஒரு முறை கிளறிவிட்டால் துர்நாற்றம் வராது. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் சருகு போட வேண்டும். ஒரு தொட்டி நிரம்பி மக்கும்வரை அடுத்த தொட்டி பயன்படும். இரண்டு மாதத்தில் கிடைக்கும் உரத்துக்கு நெல்லும் நிலக்கடலையும் விளையும் இந்தப் பகுதியில் கேட்பதற்கு ஆள் இருக்கும்.

விசேஷ நாளில் நல்ல நிலையில் உணவு மிஞ்சினால் அது வேறு கணக்கு. 2014இல் கோவையில் தொடங்கிய "நோ ஃபுட் வேஸ்ட்" அமைப்பு, மண்டபங்களில் மிஞ்சும் உணவைக் கெடும் முன் பெற்றுப் பசித்தவர்களிடம் சேர்த்து வருகிறது. அதைப்போல் அந்தந்த ஊரில் வாங்கிக்கொள்ளும் இடத்தை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். இரவு பத்து மணிக்குத் தேட ஆரம்பித்தால் பிரியாணி காலையில் குப்பையாகிவிடும்.

காயலான் கடையும் ஷாம்பு பாக்கெட்டும்

உலர் குப்பை நம் சமுதாயத்துக்குப் புதிதல்ல. பழைய பொருள் வாங்கும் கடைக்குத் தமிழில் காயலான் கடை என்றே பெயர். காயல்பட்டினத்து வணிகர்கள் ஒரு காலத்தில் அந்தத் தொழிலில் அதிகம் இருந்ததால் வந்த பெயர் என்பார்கள். மறுசுழற்சி என்ற சொல் பாடப்புத்தகத்துக்கு வரும் முன்பே அதைத் தொழிலாகச் செய்தவர்கள் அவர்கள். நோட்டு, அட்டைப்பெட்டி, பால் கவர், தண்ணீர் பாட்டில், டின் ஆகியவற்றைச் சோற்றில் நனையாமல் தனியாகச் சேர்த்து வைத்தாலே போதும், அந்தக் கடைக்காரர் விடுதிக்கே வந்து காசு கொடுத்து எடுத்துப் போவார். நனைந்த அட்டைக்கு யாரும் காசு தர மாட்டார்கள். பிரித்து வைப்பதன் பொருளாதாரம் அவ்வளவுதான்.

யாரும் வாங்காத பொருள்தான் சிக்கல். பிஸ்கட் உறை, நூடுல்ஸ் உறை, ஷாம்பு பாக்கெட் எல்லாம் பல அடுக்குகள் ஒட்டியவை. அவற்றைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் எட்டும்படி செய்த முன்னோடி, பக்கத்து மாவட்டமான கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன்தான். அன்று அது பெரிய உதவி. இன்று 65 பிள்ளைகள் வாரம் இரண்டு பாக்கெட் பயன்படுத்தினால் மாதத்துக்கு ஐந்நூறுக்கு மேல் காலி உறைகள் குளியலறை வடிகாலில் அடைக்கின்றன. அறைக்கு ஒரு பெரிய பாட்டில் வாங்கிப் பகிர்ந்துகொண்டால் செலவும் குறையும், அடைப்பும் குறையும்.

பிளாஸ்டிக் டம்ளர், தெர்மாகோல் தட்டு, உணவு மேசையின் மேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல், கைப்பை உள்ளிட்ட 14 வகைப் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பூச்சு உள்ள காகிதக் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். விடுதி விழாவிலும் இஃப்தார் நிகழ்ச்சியிலும் இன்னமும் அந்தக் கப்புதான் சுற்றி வருகிறது. நூறு எவர்சில்வர் டம்ளர் வாங்கும் செலவு ஒரு முறைதான்.

பேசத் தயங்கும் குப்பை

பெண்கள் விடுதிகளில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று நாப்கின். தமிழக அரசு 2012இல் தொடங்கிய புதுயுகம் திட்டம் பெண் குழந்தைகளுக்கு இலவசமாக நாப்கின் தந்தது. நல்ல காரியம். பயன்படுத்திய நாப்கின் எங்கே போக வேண்டும் என்பதற்கு மட்டும் பல விடுதிகளில் இன்னும் வழி இல்லை. மூடியுள்ள தொட்டி இல்லாதபோது பிள்ளைகள் கழிவறைக்குள் போடுகிறார்கள், குழாய் அடைக்கிறது. அடைப்பை எடுக்க யாரோ ஒருவர் கையை விட வேண்டியிருக்கிறது. அல்லது ஜன்னல் வழியே வெளியே போகிறது.

புதிய விதிகள் இதைத் தனிப் பிரிவாகப் பிரித்திருப்பது முக்கியமான மாற்றம். புனே நகரில் குப்பை சேகரிக்கும் தொழிலாளர்களின் கூட்டுறவு அமைப்பான "ஸ்வச்", நாப்கினைக் காகிதத்தில் சுற்றி அதன்மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துத் தாருங்கள் என்று வீடுகளிடம் கேட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டிய நிலை தங்களுக்கு வரக் கூடாது என்பதுதான் அந்தப் பெண்களின் கோரிக்கை. ஒவ்வொரு கழிவறையிலும் ஒரு மூடி போட்ட தொட்டி, பக்கத்தில் பழைய செய்தித்தாள், ஒரு சிவப்புப் பேனா. இதற்கு நிதி ஒதுக்கீடு கேட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. மகளைச் சேர்க்கப் போகும் தாய் வார்டன் அம்மாவிடம் நேரடியாகக் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

ஏப்ரல் மாதத்து மெத்தைகள்

இன்னொரு குப்பை ஆண்டுக்கு ஒரு முறை வரும். தேர்வு முடிந்து அறையைக் காலி செய்யும் வாரத்தில் வாளி, கோப்பை, பாய், மெத்தை, வழிகாட்டி நூல்கள், ஆய்வக அங்கி, பழுதான சார்ஜர் எல்லாம் தாழ்வாரத்தில் குவியும். ஜூன் மாதம் புதிதாக வரும் பிள்ளை அதே வாளியையும் மெத்தையையும் கடையில் புதிதாக வாங்கும்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழக மாணவர்கள் 2011இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். காலி செய்யும் வாரத்தில் பொருட்களைச் சேகரித்தார்கள், விடுமுறை முழுவதும் ஓர் இடத்தில் வைத்திருந்தார்கள், புதிய ஆண்டு தொடங்கும்போது குறைந்த விலைக்குப் புதியவர்களுக்கு விற்றார்கள். அந்த வருமானத்திலேயே அடுத்த ஆண்டுச் செலவு நடந்தது. பிரிட்டனில் பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன் என்ற அறநிறுவனம், மாணவர்கள் விட்டுச்செல்லும் பொருட்களைப் பல்கலைக்கழக விடுதிகளிலிருந்து பெற்று விற்று, அந்தப் பணத்தை இதய நோய் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துகிறது.

நம் பொறியியல் கல்லூரிகளில் மூத்தவர் தன் டிராஃப்டரையும் கால்குலேட்டரையும் இளையவருக்குக் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கம் இருக்கவே இருக்கிறது. அதை ஒரு அறை, ஒரு பூட்டு, ஒரு பதிவேடு என்று விரிவாக்கினால் போதும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் ஒரு பிள்ளையின் வீட்டுக்கு அது மிச்சமாகும் ஓரிரு ஆயிரம் ரூபாய்.

யார் செய்வது?

"பிள்ளைகள் படிக்க வந்தவர்கள், குப்பை பொறுக்க வந்தவர்களா?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அந்தக் கேள்விக்குப் பின்னால் நியாயமான அச்சமும் இருக்கிறது. மாணவர்களை, அதிலும் தலித் மாணவர்களைக் கழிவறை கழுவ வைத்த செய்திகள் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. அது குற்றம். எந்தச் சுற்றுச்சூழல் அக்கறையும் அதை நியாயப்படுத்தாது. குப்பைப் பணியைத் தண்டனையாகக் கொடுக்கும் வார்டனும் தவறு செய்கிறார்.

ஆனால் தன் தட்டின் மிச்சத்தை ஒரு தொட்டியிலும், தன் பிஸ்கட் உறையை இன்னொரு தொட்டியிலும் போடுவது யாருடைய வேலை? அதைச் சாப்பிட்டவரின் வேலை. அவர் செய்யவில்லை என்றால் அந்த வேலை மறைந்துவிடுவதில்லை. மாலையில் கையுறை இல்லாமல் வரும் ஒரு தூய்மைக் காவலரின் வேலையாக மாறிவிடுகிறது. அவர் எந்தச் சாதியைச் சேர்ந்தவர், அவருடைய பிள்ளை எந்த விடுதியில் படிக்கிறது என்று யோசித்துப் பார்த்தால், "எங்கள் பிள்ளை தொடக் கூடாது" என்று சொல்வதன் பொருள் நமக்கே புரியும். நம்மிடம் உயர்வு தாழ்வு இல்லை என்று மேடையில் சொல்லும் சமுதாயம் அதைச் சோதித்துப் பார்க்க இதைவிட எளிய இடம் கிடைக்காது.

ஆள் இல்லை, இடம் இல்லை, பணம் இல்லை என்பது விடுதி நடத்துவோரின் மறுமொழி. பெரிய எரிவாயு நிலையம் கட்ட வேண்டுமென்றால் இந்த மூன்றும் இல்லைதான். 20 கிலோ குப்பைக்கு அது தேவையே இல்லை. சிறிய விடுதிக்கு ஒரு வசதி உண்டு. என்ன குப்பை, எந்த நேரத்தில், எந்த இடத்தில் வரும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆயிரம் வீடு உள்ள ஊரில் ஆயிரம் சமையலறை. 65 பேர் உள்ள விடுதியில் ஒரே சமையலறை. அங்கே ஒருவர் மனம் வைத்தால் மாற்றம் நடக்கும்.

சட்டத்தின் எல்லைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் விடுதிகளில் கணிசமானவற்றை நடத்துவது ஜமாஅத்துகளும், அறக்கட்டளைகளும், நாம் நன்கொடை கொடுக்கும் மதரஸா நிர்வாகங்களும்தான். அரசு விடுதி என்றால் பெற்றோர் என்ற முறையில் கேட்கலாம். நம் விடுதி என்றால் நிர்வாகக் குழுவிலேயே இதைப் பேசலாம். வேலூரிலும் உமராபாத்திலும் பெரிய மதரஸாக்கள் இருக்கின்றன. அவை முன்னின்று செய்தால் சிறியவை பின்தொடரும்.

இந்த ஜூனில் பிள்ளையை விடுதியில் விடப் போகும்போது ஐந்து கேள்விகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சாப்பிடுவோர் எண்ணிக்கையை முந்தைய நாளே எடுக்கிறீர்களா? சமையலறை வாசலில் தனித்தனித் தொட்டிகள் இருக்கின்றனவா? பெண்கள் கழிவறையில் மூடியுள்ள தொட்டி இருக்கிறதா? பின்பக்கத்தில் குப்பையை எரிக்கிறீர்களா? ஆண்டு முடிவில் மிஞ்சும் பொருட்களை வைக்க ஓர் அறை உண்டா?

கேட்டுவிட்டு, வார்டன் சொல்லும் பதிலோடு நிறுத்த வேண்டாம். விடுதியைச் சுற்றி ஒரு நடை நடந்து பின்கட்டையும் பாருங்கள். அங்கே கருகிய மண் இருந்தால் நான்காவது கேள்விக்கான பதில் கிடைத்துவிடும்.